கோட்டு போட்ட தேசப்பன்

கோணியைப் பிரித்தேன். உள்ளே என் நைனா இருந்தார். எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். சணலை அறுத்த பிளேடு கையிலேயே இருக்க, நான் தரையில் குத்துக்காலிட்டபடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே கறுப்புக் கோட்டு, அதே ஜரிகைத் தலைப்பாகை, ஏதோ கேள்வி கேட்கப் போகிறவரைப் போலத் தூக்கிய இடது புருவம். ஐந்து வருஷம் எங்கெங்கோ தேடிய ஆள், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஆணி செய்கிற கம்பெனியின் முன்கூடத்தில், மூன்று கிழவர்களோடு வேனில் வந்து இறங்கியிருந்தார். முதலாளி பரசுராமன் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "அது நடுவுல வரணும் லோகநாதா. அவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் காது அடைத்துக்கொள்ளும். அன்றைக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. ஆனாலும் ஸ்டூலைப் போட்டு ஏறி, சுவரில் எங்கள் கம்பெனியின் நாலங்குல ஆணியை அடித்து, பெற்ற அப்பனை இன்னொருத்தனுடைய கொள்ளுத்தாத்தாவாக என் கையாலேயே மாட்டினேன். கோணலாக இருக்கிறது என்று முதலாளி சொன்னார், நேராக்கினேன். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டால், நான் மூன்று வருஷமாகத் தற்காலிக அட்டெண்டர் என்பதுதான் பதில். ஆறு மாசத்துக்கு ஒருமுறை பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் புது ஆள் மாதிரி சேர்த்துக்கொள்வார்கள். அந்தப் பத்து நாளும் என் மனைவி எல்லம்மா என் முகத்தைப் பார்க்காமல் சோறு போடுவாள். இரண்டு பெண் குழந்தைகள். நிரந்தரம் என்ற ஒரு சொல்லுக்காக நான் என்னென்னவோ விழுங்கியிருக்கிறேன். அன்றைக்கு விழுங்கியது பெரிய கவளம்.

முதலாளியின் அப்பா வியாசர்பாடியில் பழைய இரும்புக் கடை வைத்திருந்தவர். இதைக் கம்பெனி வாசலில் பீடா விற்கிறவன்கூடச் சொல்வான். இரும்புக் கடை வைத்தது கேவலம் இல்லை, உழைத்துச் சம்பாதித்த காசு. ஆனால் வெளிநாட்டிலிருந்து மெஷின் கொடுக்க இரண்டு பேர் வருகிறார்கள், பழைய வம்சம் என்றால் மரியாதையே தனி என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். உடனே பட்டணத்துக்குப் போய் நாலு மூதாதைகளைப் பேரம் பேசி எடுத்து வந்துவிட்டார். அதோடு நிறுத்தினாரா, அவற்றைப் பெரிய தொகைக்கு இன்ஷ்யூர் செய்ய வேண்டும் என்று ஆசை. இன்ஷ்யூரன்ஸ்காரர்கள் விவரமானவர்கள். படம் யாருடையது, எப்போது எழுதியது, யார் வீட்டில் இருந்து வந்தது என்று எழுதிய மதிப்புச் சான்று கேட்டார்கள்.

அந்தப் படம் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்து வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்தது. நான் பிறந்த மூன்றாம் மாசம் நைனா கடலுக்குப் போனார், திரும்பவில்லை. உடல் ஒதுங்கவில்லை. அவர் பெயர் தேசப்பன். எனக்குத் தெரிந்த அப்பா என்றால் அந்தப் படம்தான். பரீட்சை எழுதப் போகும்போது அதன் முன்னால் நின்றேன், எல்லம்மாவைக் கட்டியதும் அதன் முன்னால்தான் விழுந்தோம். தை அமாவாசைக்கு அம்மா கண்ணாடி மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்து, வறுத்த இறால் படைப்பாள். பள்ளிக்கூடத்தில் பையன்கள், வலை இழுக்கிறவன் எங்கேயாவது கோட்டு போடுவானா என்று கேலி செய்தார்கள். அழுதுகொண்டு வந்து அம்மாவிடம் கேட்டேன். "படம் எய்தறவங்க கிட்டயே கோட்டு இருக்கும்டா, மாட்டிக்கினு ஒக்காரச் சொல்லுவாங்கோ" என்றாள். அதை நான் நம்பினேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு பேரை அடித்தேன்.

எழுபதாம் வருஷம் நான் எண்ணூரில் வேலை பார்த்தபோது, என் சித்தப்பா மாரியப்பன், நைனாவின் கூடப் பிறந்த தம்பி, கண்ணாடி மாற்றித் தருகிறேன் என்று படத்தைத் தூக்கிப்போய்ப் பழவேற்காட்டில் பழைய சாமான் வாங்க வந்த ஒருவனிடம் நாற்பது ரூபாய்க்கு விற்றுவிட்டார். விஷயம் தெரிந்து ஊருக்குப் போனேன். கரையில் படகுக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்தார். துடுப்பை எடுத்து அடித்தேன். முன்பல் இரண்டு போயின. நாலு பேர் பிடித்து இழுத்தும் நான் விடவில்லை. அவர் கையைக்கூடத் தூக்கவில்லை. வாயில் ரத்தம் ஒழுக, "வுட்டுடுங்கடா, அவன் அடிக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். குற்றம் செய்தவன் அப்படித்தான் நிற்பான் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மதிப்புப் போடுகிறவர் வந்தார். திருவள்ளூர்க்காரர், பெயர் கிருஷ்ணஸ்வாமி. ஒல்லியான மனிதர், நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, கக்கத்தில் துணிப்பை. திருவள்ளூரிலிருந்து ஒரு ரயில், பட்டணத்தில் இறங்கி இன்னொரு ரயில் என்று வந்து சேர்ந்திருந்தார். முதலாளி ஷெட்டுக்குப் போயிருந்தார். படங்களை இறக்கிக் கொடுக்க என்னை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மூன்றையும் கால் மணி நேரத்தில் ஒதுக்கிவிட்டார். ஒன்று அச்சுப் படத்தின் மேல் சாயம் பூசியது, மற்ற இரண்டும் போன வருஷம் எழுதிப் புகையில் பழசாக்கியவை. நைனாவைக் கையில் வாங்கியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சட்டத்தை நகத்தால் தட்டினார். "ஈட்டி மரம்" என்றார். பின்புறம் திருப்பினார். சதுரமான பழைய ஆணிகளைத் தடவி, கொல்லன் பட்டறையில் அடித்தது என்றார். அப்புறம் மூக்கைப் பலகையோடு வைத்து முகர்ந்தார்.

"கருவாடு" என்று என்னைப் பார்த்தார். "உப்பும் பூத்திருக்கு. இங்கே பார், நெத்திக்கு நேரா கண்ணாடி மங்கிக் கெடக்கு. வருஷக்கணக்கா யாரோ பொட்டு வெச்சிருக்கா. இந்தப் படம் உங்க மொதலாளி ஆத்துல இருந்ததில்லை."

காது திறந்துகொண்டது. "எங்க ஊட்டுல இருந்துச்சு சார். அது எங்க நைனா" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அதற்காகவே, பிறகு சொன்னதற்கு அவரை மன்னிக்கலாம். முழுக்கதையையும் கேட்டுக்கொண்டார். சித்தப்பா விற்றது வரை சொன்னேன். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, பின்பலகையைக் கழற்றி, துணியின் ஓரத்தில் ஒரு மங்கிய முத்திரையைக் காட்டினார். படத் துணி விற்ற கடையின் முத்திரை, அடியில் வருஷம். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"உங்கப்பா போனப்போ என்ன வயசு?"

"முப்பதுக்குள்ள சார். நாப்பத்து நாலுல."

"இதை எழுதறச்சே உங்கப்பா பொறக்கவே இல்லைப்பா. இதுல இருக்கறவருக்கே முப்பது வயசு."

"எங்கம்மா பொய் சொல்லாது சார்."

"நான் அப்படிச் சொல்லலையே" என்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டிருப்பேன். அவர் பேசிய நிதானம்தான் எரிச்சலாக இருந்தது. கடைக்காரன் தப்பாக முத்திரை குத்தியிருப்பான், பழைய துணியில் புதிதாக எழுதியிருப்பார்கள் என்று ஏதேதோ சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, பலகையைப் பழையபடி பொருத்தினார்.

முதலாளி வந்தார். கிருஷ்ணஸ்வாமி சுற்றி வளைக்கவில்லை. மூன்று படம் போலி, இது ஒன்றுதான் அசல், ஆனால் இந்தப் பையன் இது தன் அப்பா என்கிறான், முதுகில் கருவாட்டு வாசனை அடிக்கிறது என்றார். முதலாளி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "கோட்டு போட்டுக்கிட்டா மீன் பிடிக்கிறீங்க உங்க குப்பத்துல?" என்றார். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் கேட்ட அதே கேள்வி. அந்தப் பையன்களை அடித்த கைதான் என்னிடம் இன்னும் இருந்தது. அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இது யாரோ ஒருத்தர் படம்னா இருநூறு ரூபா பெறும்" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "ஒரே குடும்பத்துல தலைமுறையா இருந்ததுன்னு நிரூபிச்சா ஆறாயிரத்துக்குக் கொறையாது. அதுக்கு வெளியாள் ஒருத்தர் சாட்சி சொல்லணும்."

முதலாளி சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். புத்திசாலி, அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். "சாட்சி இங்கேயே நிக்கிறானே" என்றார். "இவன் தாத்தா எங்க தாத்தாகிட்ட வேலைக்காரர். படகு ஓட்டினவர். இந்தப் படத்தை எங்க வீட்டுல பார்த்திருக்கார். நடுவுல பத்திரமா இருக்கட்டும்னு இவங்க வீட்டுல குடுத்து வெச்சிருந்தோம். கருவாட்டு வாசனைக்கும் பொட்டுக்கும் கணக்குச் சரியாப் போச்சு. என்ன லோகநாதா? திங்கக்கிழமை இவர் மறுபடி வருவார், கையெழுத்துப் போட்டுக் குடு. அன்னைக்கே உன் பெர்மனென்ட் ஆர்டரை டைப் பண்ணச் சொல்றேன்." பிறகு கிருஷ்ணஸ்வாமி பக்கம் திரும்பி, "நீங்க போட வேண்டியதைப் போடுங்க ஐயரே" என்றார். அவரை ஐயர் என்று கூப்பிட்டதும் அந்த நெற்றிச் சிவப்புக் கோடு சற்றே சுருங்கியதை நான் பார்த்தேன். அவர் பையை எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள். என் அப்பனை எடுத்துக்கொண்டது போதாதென்று, என் தாத்தனை அவருக்கு வேலைக்காரனாக்கி, அதற்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தாத்தா சொந்தப் படகு வைத்திருந்தவர். ஏரியில் சீட்டுப் போட்டு வலை இடம் பிரிக்கும்போது எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு சீட்டு இன்றைக்கும் உண்டு. அவர் யாருக்கும் துடுப்புப் போட்டுக் கூலி வாங்கியதில்லை. சனிக்கிழமை மதியம் பொன்னேரி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், அங்கிருந்து பழவேற்காடு பஸ். வழி முழுக்க முதலாளியிடம் சொல்லப்போகும் வார்த்தைகளை ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாக இருந்தது. அந்த முத்திரை மட்டும் நடுநடுவே தொந்தரவு செய்தது. அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

என் அம்மா கங்கம்மாள் வாசலில் பாயை விரித்து இறால் காயவைத்துக்கொண்டிருந்தாள். படம் கிடைத்துவிட்டது என்றதும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், முத்திரையையும் சொன்னேன். அவள் மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் இறாலைத் திருப்பிப் போட்டாள், திருப்பிப் போட்டதையே திருப்பிப் போட்டாள்.

"உங்க நைனாவுக்கு ஏதுடா படம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. புரிந்தது, ஆனால் புரியவில்லை.

"கரையில ஒதுங்கியிருந்தா மொகத்தையாவது பாத்துட்டு எடுத்திருப்பேன். அதுவும் இல்ல. எனுக்கு அப்ப பத்தொம்போது வயசு. அவருகூட இருந்ததே ரெண்டு வருசம். நாளாக நாளாக அவரு மொகம் மறந்துக்கினே வந்துச்சு லோகு. மூக்கு ஞாபகம் வந்தா வாய் வராது. அதான் எனுக்கு பயம். முழுசா மறக்கறதுக்குள்ள ஒண்ணு புடிச்சு வச்சிக்கணும்னு மூர் மார்க்கெட்டுக்குப் போனேன். வெள்ளக்காரன் போயி, பெரிய பெரிய ஊட்டு சாமான்லாம் தரையில கெடந்துச்சு. நாப்பத்தெட்டு. நீ நாலு வயசுப் புள்ள, இடுப்புல கீற."

கடைக்காரன் படங்களைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தானாம். அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, ஒரு கையால் தலைப்பாகையையும் ஒரு கையால் கோட்டையும் மறைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் பார்த்தாளாம். காலையிலிருந்து மதியம் வரை. கடைக்காரன் கண்ணாடியில் கை படுகிறது என்று திட்டியிருக்கிறான். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவருக்கு நைனாவின் தாடை, இன்னொருவருக்கு நைனாவின் புருவம்.

"எனுக்கு முடிவு பண்ண முடியல. உன்னை எறக்கி வுட்டேன். நீ போயி இவரு முன்னால நின்னு நைனான்னு சொன்ன. ரெண்டு ரூபாயும் ஒரு படி காஞ்ச எறாலும் குடுத்து வாங்கியாந்தேன்."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப கண்ண மூடுனா அந்தப் படம்தான்டா வருது. அவரோட நெஜ மொகம் பூடுச்சி. அது என் தப்புதான்."

நான் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் செய்வார்கள். நான் இறால் பாயைக் காலால் எத்தினேன். காய்ந்தும் காயாமலும் இருந்த இறால் மணலெங்கும் சிதறியது. இத்தனை வருஷம் அப்பா என்று கும்பிட்டது எவனோ ஒரு தலைப்பாகைக்காரன். அவனுக்காக மூன்றாம் வகுப்பில் அடித்தேன், கரையில் அடித்தேன், ஆணிக் கம்பெனியில் காது அடைக்க நின்றேன். இத்தனை கோபத்தையும் நான் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? முதலாளி திருடவில்லை, காசு கொடுத்து வாங்கினார். அம்மாவும் காசு கொடுத்துத்தான் வாங்கினாள். அவர் கொள்ளுத்தாத்தாவும் பொய், என் அப்பாவும் பொய். கையெழுத்துப் போட்டால் என்ன நஷ்டம் என்று ஒரு எண்ணம் வந்தது. அப்படி ஒரு எண்ணம் வந்ததற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மா குனிந்து ஒவ்வொரு இறாலாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சித்தப்பா கரையில் தனியாக உட்கார்ந்து வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் எதிரில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவர் பார்வை முதலில் என் கைகளுக்குத்தான் போனது. அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை.

"உனுக்குத் தெரியுமா சித்தப்பா, அது நைனா இல்லன்னு?"

"தெரியாம இன்னா. கூடப் பொறந்தவன்தானே நானு."

"அப்ப அடி வாங்கும்போது ஏன் சொல்லல?"

அவர் பாசியைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. "உனுக்கு அவரு நைனாவா இருந்தாரு. ரெண்டு பல்லுக்கோசரம் அத்தப் போயிக் கெடுக்கணுமா? எனுக்கு அவன் எவனோ ஒருத்தன். ஊட்டுல அரிசி இல்ல, வித்தேன். தப்புதான். உங்கம்மா பாவம்." வலையை மடியிலிருந்து இறக்கி வைத்தார். பிறகு சாதாரணமாக, மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். "எனுக்கும் அண்ணனுக்கும் ஒரே மூஞ்சிடா. ஊருல எல்லாரும் மாத்தி மாத்திக் கூப்டுவாங்க. பாக்கணும்னா என்னைப் பாத்துக்கினு இருந்திருக்கலாம்."

அவர் நிமிர்ந்தார். நான் பார்த்தேன். வெயிலில் கறுத்த முகம், நரைத்த புருவம், முன்னால் இரண்டு பல் இல்லாத வாய். அவை இல்லாததால் உதடு ஒரு பக்கம் உள்ளே விழுந்திருந்தது. அந்த வாய் முன்பு எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு வரவில்லை. ஐந்து வருஷம் பார்க்கவில்லை, அதற்கு முன்பும் கவனித்துப் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வலையின் மறுமுனையை எடுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்த்தவராகத் தெரியவில்லை. பாசியைப் பிய்த்தோம்.

திங்கட்கிழமை கிருஷ்ணஸ்வாமி எனக்கு முன்னாலேயே வந்து, முன்கூடத்து மேஜையில் தாள்களைப் பரப்பியிருந்தார். போலிகள் மூன்றும் சுவரை விட்டுப் போய்விட்டன. நடுவில் கோட்டு போட்டவர் மட்டும் இருந்தார். முதலாளி பட்டணத்திலிருந்து காரில் வந்துகொண்டிருந்தார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு டைப் செய்த நிரந்தர ஆர்டரைக் காட்டினார், என் பெயர் தெரியும்படி. தேதி மட்டும் போடவில்லை, பத்து மணிக்குப் போடுவதாகச் சொன்னார். அந்தக் காகிதத்தை நான் படித்தேன். நல்ல காகிதம், கனமாக இருந்தது. எல்லம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை.

"உங்க மொதலாளி சொன்னதை நானே எழுதி வெச்சுடட்டுமா, இல்லை நீ சொல்றியா?" என்றார் கிருஷ்ணஸ்வாமி. "நீ சொல்றதை எழுதறதுதான் முறை. மூணு பிரதி. ஒண்ணு இவாளுக்கு, ஒண்ணு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு நான் நேரே தபால்ல போடணும், ஒண்ணு எங்கிட்ட இருக்கும்." மூன்று தாள்களுக்கு நடுவே இரண்டு கார்பன் தாளைச் செருகி, ஓரத்தைத் தட்டி நேராக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எந்தப் பக்கமும் என்னைத் தள்ளிவிடக்கூடாது என்று ஜாக்கிரதையாக இருந்தார் என்று நினைக்கிறேன்.

"நான் சொல்றேன் சார், எழுதிக்குங்க" என்றேன்.

அம்மா பெயரிலிருந்து ஆரம்பித்தேன். கங்கம்மாள், கணவர் பெயர் தேசப்பன், மீன்பிடித் தொழில். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் பட்டணத்தில் மூர் மார்க்கெட்டில் தரைக்கடையில் வாங்கியது. விலை இரண்டு ரூபாயும் ஒரு படி காய்ந்த இறாலும். அதற்கு முன் யாரிடம் இருந்தது என்று தெரியாது. இரண்டு படங்களில் இதை எடுத்தவர், லோகநாதன், வயது நான்கு. அவர் எழுதிக்கொண்டே வந்த கை ஒரு நொடி நின்றது, மறுபடி ஓடியது. இருபத்திரண்டு வருஷம் எங்கள் வீட்டில் இருந்தது, பொட்டு வைத்தது, படையல் போட்டது. எழுபதில் மாரியப்பன் என்பவர் வீட்டில் அரிசி இல்லாததால் நாற்பது ரூபாய்க்கு விற்றது. இந்தக் கம்பெனி முதலாளியின் வீட்டிலோ அவருடைய முன்னோர் வீட்டிலோ இந்தப் படம் இருந்ததாக எங்கள் வீட்டில் எவரும் சொல்லக் கேட்டதில்லை. என் தாத்தா யாரிடமும் வேலைக்காரராக இருந்ததில்லை. கடைசி வரியை மறுபடி ஒருமுறை சொன்னேன். அவர் இரண்டாவது தடவை எழுதவில்லை, ஆனால் அடியில் கோடு போட்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன்" என்றார். "என்ன குடுத்து வாங்கினோம்னு இதுவரைக்கும் ஒருத்தர் நெஜத்தைச் சொன்னதில்லை." பிறகு தாளின் மேல்பகுதியில் காலியாக விட்டிருந்த இடத்தைப் பேனாவால் தொட்டார். "இது ஒண்ணு பாக்கி. படத்தில் உள்ளவர் பெயர்."

வெளியே கேட் அருகே கார் ஹாரன் அடித்தது. வாட்ச்மேன் ஓடும் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் நான் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

"தேசப்பன்" என்றேன்.

"அவர் இல்லேன்னு இப்போதானேப்பா நீயே சொன்னே."

"ஆமா சார். ஆனா எங்க ஊட்டுல வந்தப்புறம் அவருக்கு வேற பேரு கெடையாது. கோட்டு போட்ட காலத்துல இன்னா பேரோ, அத்தக் கேக்க யாரும் வரல. தேசப்பன்னே எழுதுங்க. தொழில், மீன்பிடி."

அவர் என்னையும் படத்தையும் ஒருமுறை பார்த்தார். ஹாரன் மறுபடி அடித்தது, கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது, படியில் செருப்பு ஏறியது. கிருஷ்ணஸ்வாமி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்தார். மூன்றாவது தாளிலும் விழ வேண்டுமே என்று, ஒவ்வொரு எழுத்தையும் மேஜை அதிர அழுத்தி எழுதத் தொடங்கினார்.